கடை சாஃப்ட்வேர்ல தயாரிப்பாளர் பேர ஏத்துறது எப்படி

மார்த்தாண்டத்துல பலசரக்கு மொத்தக்கடை வச்சிருக்கேன். போன மழைக்காலத்துல ஒரு அக்கா தேங்காண்ணெ பாக்கெட்ட திருப்பிக் கொண்டுவந்தாங்க, திறந்தா ஒரே சிக்கு வாடை. சாஃப்ட்வேர்ல பாத்தா சரக்கு இறக்கின நாகர்கோவில் ஏஜென்சி பேரும் பிராண்டும்தான் இருக்கு, ஆனா அந்த பிராண்ட் ரெண்டு ஆலையில இருந்து வருது, எந்த ஆலை சரக்குன்னு தெரியாம அடுக்கு முழுக்க இறக்கி ஒவ்வொரு கவரா திருப்பிப் பாத்ததுல பாதி நாள் வியாபாரம் போச்சு.

சப்ளையர் வேற, பிராண்ட் வேற, தயாரிக்கிறவங்க வேற மக்களே. கவர்ல 'மார்க்கெட்டட் பை'ன்னு இருக்கது விக்கிற கம்பெனி, அத எடுக்காதீங்க, 'மேனுஃபேக்சர்ட் பை'க்கு நேரா இருக்கதுதான் வேணும். சாப்பாட்டுப் பொருள்னா கவர்ல இருக்க 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம நம்பரையும் சேத்து அடிச்சிருங்க, பேர ஆளாளுக்கு ஒரு மாதிரி டைப் பண்ணுவாங்க, நம்பர் மாறாது. பார்கோட் 890ல தொடங்குதுன்னு இங்க செஞ்சதுன்னு நினைக்காதீங்க, அந்த கோட இந்தியாவுல வாங்கியிருக்காங்கன்னுதான் அர்த்தம்.

ஜோஹோ இன்வென்டரில ஐட்டம் போடும்போதே மேனுஃபேக்சரர், பிராண்ட் ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் இருக்கு, வேலை சுலபம். டாலி பிரைம் வச்சிருக்கவங்க ஸ்டாக் குரூப்ப எண்ணெ, மாவுன்னு வகைக்கு விட்டுட்டு, ஸ்டாக் கேட்டகிரில தயாரிப்பாளர் பேர உருவாக்கி ஐட்டத்தோட சேருங்க.

ஒரு ஐட்டத்துக்கு ரெண்டு ஆலைன்னா இது பத்தாது, டாலில எஃப்11ல போய் பேட்ச, அதாவது ஒரே தடவையில செஞ்ச சரக்கு தொகுதிய தனியா பதியுற வசதிய, ஆன் பண்ணணும். நிறைய கம்பெனி கவர்ல பொடி எழுத்துல, பேட்ச் நம்பரோட முதல் எழுத்த பாத்து ஆலை முகவரி தெரிஞ்சுக்கோங்கன்னு போட்டிருப்பாங்க, 'ஏ'ன்னா ஒரு ஊரு, 'பி'ன்னா இன்னொரு ஊரு. அதனால பேட்ச் நம்பர அந்த முதல் எழுத்தோட முழுசா அடிங்க, நாங்க முன்னாடி கடைசி நாலு எண்ண மட்டும் அடிச்சு மாட்டிக்கிட்டோம்.

நம்ம ஊரு தேன், ஏத்தங்கா சிப்ஸுக்கெல்லாம் பேக் பண்ணவங்க பேர போடுங்க. மார்த்தாண்டம் தேனுக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, அந்தப் பேருக்கு ஒரு மதிப்பு இருக்கு, எல்லா பாட்டிலையும் 'தேன், லோக்கல்'னு ஒரே ஐட்டமா ஏத்துறது அத செய்யுறவங்களுக்கு பண்ற அநியாயம்.

பழைய சரக்க ஒரே நாள்ல ஏத்தப் பாக்காதீங்க, எண்ணெயும் குழந்தைங்க சாப்பிடுறதும் முதல்ல, மத்தது அடுத்த லோடு இறங்கும்போது பில்லோட சேத்து.