பள்ளிக்கூடத்துச் சரிவில் காடு வளர்க்கக் காசு சேர்ப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில் எந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் போனாலும் பின்பக்கம் ஒரு சரிவு இருக்கும். மானாப்புல்லும் நாயுண்ணிச் செடியும் மூடிக் கிடக்கும். "அங்கிட்டுப் போகாதீங்க, பாம்பு இருக்கு" என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருப்போம். அந்தச் சரிவைத்தான் எங்கள் சுற்றாடல் கழகப் பிள்ளைகள் மறுபடி காடாக்கிக்கொண்டிருக்கிறார்கள். "சேர், காசுக்கு என்ன செஞ்சீங்க?" என்று பக்கத்துப் பாடசாலைகளிலிருந்து கேட்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இது.

படி 1: காணி யாருடையது?

தோட்டப் பாடசாலைகளை 1970களிலிருந்து அரசு பொறுப்பெடுத்தது. ஆனால் சுற்றியிருக்கும் காணி பெரும்பாலும் கம்பனி குத்தகைக்கு எடுத்த தோட்டக் காணி. பல இடங்களில் நடுவே வேலிகூடக் கிடையாது. அதிபரிடம் நில அளவைப் படத்தைக் கேட்டுப் பாருங்கள். சரிவு தோட்டத்துக்குள் வந்தால், முகாமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். துரை வாயால் "சரி" சொன்னது போதாது. அவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

படி 2: பிள்ளைகள் அளக்கட்டும்

கயிறும் நான்கு குச்சியும் போதும். எங்கள் துண்டு 20 மீற்றருக்கு 10 மீற்றர். இரண்டு மீற்றருக்கு ஒரு மரக்கன்று என்றால் 50 கன்று. இந்த ஒரு கணக்கிலிருந்துதான் மற்ற எல்லாச் செலவும் பிறக்கும். ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து, அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுவையுங்கள்.

பிள்ளைகள் பார்த்ததைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். சரிவுக்குக் கீழே பீலி, அதாவது தண்ணீர் பிடிக்கும் இடம், இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையொன்று இப்படி எழுதியிருந்தது: "பீலிக்கரையில மண்ணு இறங்குது. மழ நாள்ல தண்ணி தேத்தண்ணி மாதிரி வருது." சரிவைப் பார்க்க வந்த உத்தியோகத்தர் நான் எழுதிய ஐந்து பக்க விளக்கத்தைப் புரட்டிவிட்டு மூடினார். அந்த இரண்டு வரியைத்தான் நின்று வாசித்தார்.

படி 3: செலவுப் பட்டியல்

எல்லாரும் வழுக்கும் இடம் இது. நானும் வழுக்கினேன். முதல் தடவை கிடைத்த காசில் மூன்றில் ஒரு பங்கு சீமெந்துப் பெயர்ப்பலகைக்கே போனது. கன்றுகளை ஒக்டோபர் மழையில் நட்டோம், படம் பிடித்தோம், கைதட்டினோம். பெப்ரவரி வெயிலில் தண்ணீர் ஊற்ற ஒரு ஹோஸ் குழாய் வாங்கக் காசில்லை. "இங்கே ஒரு காடு வளர்கிறது" என்ற பலகை இன்னும் நிற்கிறது, கீழே மானாப்புல்லோடு.

ஆகவே காசில் பாதியை நடுகைக்கும் பாதியைப் பராமரிப்புக்கும் ஒதுக்குங்கள். பராமரிப்பு என்றால் இரண்டு வருஷத்துக்குப் புல் வெட்டுவது, செத்த கன்றுக்கு மாற்று நடுவது, கோடையில் தண்ணீர். நுவரெலியாப் பக்கமென்றால் தை, மாசியில் உறைபனிக்குக் கன்றுகளை மூடவும் ஏதாவது வேண்டும். புல்லை ஒரேயடியாகப் பிடுங்கி எறியாதீர்கள். சரிவு வெறும் மண்ணாகி அடுத்த மழையோடு கீழே போய்விடும். குறுக்குவாட்டில் பட்டை பட்டையாக வெட்டினால் போதும், கூலிச் செலவும் வருஷம் முழுக்கப் பிரிந்துபோகும்.

கன்றுகளை வனத் திணைக்கள நாற்றுமேடையில் கேட்டுப் பாருங்கள். நம் மலைக்காட்டு மரங்களின் சிங்களப் பெயரை எழுதிக்கொண்டு போவது நல்லது: வல் சப்பு, கீன. வெறுமனே "சப்பு" என்றால், பலகைக்காக வளர்க்கும் கினி சப்புவைத் தூக்கித் தருவார்கள். அது நம் காட்டு மரமில்லை.

காசு வேண்டாத உதவியையும் பட்டியலில் சேருங்கள். 30 பிள்ளைகள், நாளுக்கு 3 மணித்தியாலம், 4 நாள் சிரமதானம் (கூலியில்லாத கூட்டு வேலை) என்றால் 360 மணித்தியால வேலை. தோட்டம் இரவல் தரும் மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு எல்லாம் உங்கள் பங்களிப்புத்தான். கொடுப்பவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

படி 4: யாரிடம் கேட்பது?

கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் போங்கள். முதலில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பிறகு பழைய மாணவர்கள், டவுன் கடைக்காரர்கள். காசு கேட்டால் முகம் சுளிக்கிற கடைக்காரர் "ஒரு ஹோஸ் குழாய் தாங்க" என்றால் தந்துவிடுவார்.

அடுத்தது பிரதேச செயலகத்தில் இருக்கும் சுற்றாடல் உத்தியோகத்தர். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டத்தில் உங்கள் பிள்ளைகள் சேர்ந்திருந்தால் பேச்சைத் தொடங்குவது சுலபம். அந்தத் திட்டத்தின் பதக்கத்துக்குப் பிள்ளைகள் செய்யும் வேலையும் இந்தச் சரிவு வேலையும் ஒன்றாகிவிடும்.

உலகச் சுற்றாடல் வசதியம் (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டம் பெரிய கதவு. அது சமூக அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்குமானது. அப்படி ஒரு அமைப்பு உங்கள் பகுதியில் வேலை செய்தால், அவர்களின் விண்ணப்பத்துக்குள் உங்கள் சரிவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். முதல் வருஷமே இதில் இறங்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

படி 5: கடிதமும் கணக்கும்

கடிதம் ஒரு பக்கம். எழுதுவது பிள்ளைகள், கையெழுத்து அதிபருடையது. "சுற்றாடலைப் பாதுகாப்போம்" என்று தொடங்காதீர்கள். "எங்கள் பீலிக்கரைச் சரிவில் 50 கன்று நட்டு இரண்டு வருஷம் பார்க்கப் போகிறோம். எங்களிடம் இவை இருக்கின்றன, இவை இல்லை" என்று நேராகப் போங்கள். தமிழில் எழுதிச் சிங்களப் பிரதியொன்றையும் இணைத்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும். பொருட்களுக்கு மூன்று கடையில் விலை வாங்கி வைத்திருங்கள். அதற்குப் பிள்ளைகளையே அனுப்புங்கள், நன்றாகப் பேரம் பேசுகிறார்கள்.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே, ஜூன் மழைக்கு நடுவதென்றால் ஜனவரியிலேயே கேட்க வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் மழையை நம்புகிறவர்களுக்கு ஜூன் வரை நேரம் இருக்கிறது.

காசு ஒருநாளும் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கு வரக்கூடாது. அபிவிருத்திச் சங்கக் கணக்கு, கூட்டக் குறிப்பில் ஒரு தீர்மானம், ஒவ்வொரு பில்லுக்கும் இலக்கம். காசுப் புத்தகத்தை இரண்டு பிள்ளைகள் எழுதட்டும்.

படி 6: கொடுத்தவர்களுக்குச் சொல்லுங்கள்

மூன்று மாதத்துக்கொரு தடவை அந்தக் கல்லில் நின்று படம் எடுத்து அனுப்புங்கள். செத்ததையும் எண்ணி எழுதுங்கள். இரண்டாம் தடவை எங்களுக்கு 50இல் 41 பிழைத்தது. ஒன்பது போனதை எழுதவா வேண்டாமா என்று பிள்ளைகள் அரை மணித்தியாலம் சண்டை போட்டு, கடைசியில் எழுதினார்கள். கொழும்பிலிருக்கும் பழைய மாணவர் ஒருவர் அந்த ஒன்பதுக்கும் காசு அனுப்பியிருந்தார்.