விழுப்புரத்தில் நள்ளிரவு வண்டி: உட்கார்ந்து போகவா, படுத்துப் போகவா?

புதுச்சேரிக்கு வரும் தண்டவாளம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து வரும் கிளைப்பாதை. ஊரோடு முடிந்துவிடும். புதுடெல்லி, ஹவுரா, மங்களூரு, கன்னியாகுமரி என்று இங்கிருந்தே கிளம்பும் விரைவு வண்டிகள் உண்டு, ஆனால் அவற்றில் பல, வாரத்தில் சில நாள்தான் ஓடும். அதனால் மதுரை, நெல்லை, நாகர்கோவில் போகிறவர்கள் பெரும்பாலும் சுமார் 40 கிலோமீட்டர் பஸ்ஸிலோ காரிலோ போய் விழுப்புரத்தில்தான் ஏறுகிறார்கள். கடலூர்க்காரர்களுக்கு மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் நேரடி வண்டி இருக்கிறது. கடலூரில் ரயில் நிலையம் இரண்டு: என்.டி. (புது நகர்) பக்கம் திருப்பாதிரிப்புலியூர், ஓ.டி. (பழைய நகர்) பக்கம் கடலூர் துறைமுகம் சந்திப்பு. டிக்கெட்டில் எந்தப் பெயர் என்று பார்த்த பிறகே ஆட்டோ பிடியுங்கள்.

எந்த வகுப்பு என்பதைப் பலர் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது ஏறும் நேரம், இறங்கும் நேரம், கையில் இருக்கும் பெட்டி.

பகலில் விழுப்புரம்–மதுரை போக உட்காரும் வண்டியே போதும். வைகை எக்ஸ்பிரஸில் ஐந்து மணி நேரத்துக்கு முன்னே பின்னே ஆகும், வந்தே பாரத்தில் இன்னும் குறைவு. ஏசி சேர் காரில் ஒரு பக்கம் மூன்று இருக்கை, மறுபக்கம் இரண்டு. தம்பதியாகப் போனால் இரண்டு இருக்கை உள்ள பக்கம் கிடைத்தால் நல்லது. வந்தே பாரத் சேர் காரில் பாதி இருக்கைகள் வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டியே இருக்கும். தலைசுற்றல் உள்ள பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு சிக்கல், விமானத்தில் வந்த 30 அங்குல சூட்கேஸ். சேர் காரில் இருக்கைக்கு அடியில் அது போகாது, மேல் தட்டிலும் ஒழுங்காக உட்காராது. கடைசியில் கதவோரம் வைத்துவிட்டு வழியெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். பாரிஸிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த கையோடு நேராகத் தெற்கே போகிறவர்களுக்குப் பகலிலும் ஸ்லீப்பர் அல்லது மூன்றடுக்கு ஏசியே வசதி. கீழ் பெர்த்துக்கு அடியில் பெட்டியைப் படுக்கவைத்துத் தள்ளலாம். அங்கே இருக்கும் வளையத்தில் சங்கிலி கோத்துப் பூட்டும் போட்டுவிடலாம்.

பெர்த் எண்ணை எட்டு எட்டாகப் பிரித்துப் பாருங்கள். 1, 4 கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 சைடு லோயர். 8 சைடு அப்பர். 9 என்றால் மறுபடி கீழ். ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் இதே கணக்கு. நடு பெர்த்தை இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரிக்கலாம். விரித்துவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது, தூங்கியே ஆக வேண்டும். தூக்கியதும் இரு பக்கச் சங்கிலியும் கொக்கியில் முழுதாக விழுந்திருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றுங்கள். சைடு லோயர், பகலில் எதிரெதிராக இருக்கும் இரண்டு இருக்கைகளை மடித்துச் சேர்த்தது. நடுவில் ஒரு பொருத்து இருக்கும், இடுப்புக்கு நேராக உறுத்தும். துண்டை நான்காக மடித்து அதன்மேல் போடுங்கள். இரு முனையிலும் தடுப்பு இருப்பதால் உயரமானவர்களால் கால் நீட்ட முடியாது. டிக்கெட்டில் ஆர்ஏசி (முழு பெர்த் உறுதியாகாத டிக்கெட்) என்று வந்தால் இந்த ஒரு பெர்த்தில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டும். மூன்றடுக்கு ஏசியில் விரிப்பு, தலையணை, கம்பளி தருவார்கள். ஸ்லீப்பரில் எதுவும் இல்லை, ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் காற்று சுகம்தான், ஆனால் வண்டி நிற்கும் இடமெல்லாம் கொசு.

60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போட்டால் அது கிடைக்காது. தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட் போடுங்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது தேதியில்தான். எழும்பூரில் 11-ஆம் தேதி இரவு பதினொன்றரைக்குக் கிளம்பும் வண்டி விழுப்புரத்துக்கு வரும்போது 12-ஆம் தேதி பிறந்திருக்கும். விழுப்புரத்திலிருந்து போட்ட டிக்கெட்டில் 12 என்றுதான் இருக்கும். நீங்கள் நிலையத்தில் நிற்க வேண்டியது 11-ஆம் தேதி ராத்திரி. 12-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். நள்ளிரவு நேரத்தில் ஏறும்போது ரயில் பெட்டிக்குள் விளக்கு அணைந்திருக்கும், உங்கள் பெர்த்துக்கு அடியில் வேறு யாருடைய மூட்டையாவது இருக்கும். டார்ச்சைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிக்கு இடம் இல்லையென்றால் தயங்காமல் எழுப்பிக் கேளுங்கள்.

விழுப்புரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும், திருப்பாதிரிப்புலியூரில் அதைவிடக் குறைவு. உங்கள் ரயில் பெட்டி (எஸ்4 என்றால் நான்காவது ஸ்லீப்பர் பெட்டி) நடைமேடையில் எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டியே கேட்டு அங்கேயே நில்லுங்கள். ஒருவர் முதலில் ஏற, மற்றவர் கீழிருந்து பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக ஏறட்டும்.

டிக்கெட் முன்பதிவு பயணத்துக்கு 60 நாளைக்கு முன் திறக்கிறது. பொங்கல், தீபாவளிக்கு அன்று காலையிலேயே போட்டுவிட வேண்டும். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏறக்கூடாது. அடையாளத்துக்கு அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், நகல் செல்லாது. திரும்பும்போது வண்டி விடியற்காலை மூன்று மணிக்கு விழுப்புரம் வருமென்றால், ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்து இறங்கும் இடத்துக்கான எழுப்பல் அழைப்பைப் பதிவு செய்யலாம். போனில் ஒரு அலாரமும் வைத்துவிடுங்கள், வண்டி முன்னதாகவே வந்துவிடுவதும் உண்டு.