கடலூர் மாநகராட்சியில் சுயேச்சையாகக் கவுன்சிலருக்கு நிற்க: மனு முதல் கணக்கு வரை

மேயருக்கு நேரடியாக நிற்க முடியாது. தமிழ்நாட்டில் மேயருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்ட கடைசிப் பொதுத் தேர்தல் 2011-ல் நடந்தது. கடலூரின் கவுன்சிலர்கள்தான் 2022 மார்ச் 4-ல் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே எல்லாம் வார்டில்தான் தொடங்குகிறது.

முதலில் உங்கள் வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பாதி இடங்கள் பெண்களுக்கு. சென்ற முறை பொதுவாக இருந்தது என்பதை நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். மாநகராட்சியின் ஏதாவது ஒரு வார்டில் உங்களுக்கு ஓட்டு இருந்தால் போதும். முதுநகர்க்காரர் தேவனாம்பட்டினத்தில் நிற்கலாம். ஆனால் மனுவில் உங்களை முன்மொழிந்து கையெழுத்துப் போடுபவருக்கு நீங்கள் நிற்கும் வார்டிலேயே ஓட்டு இருக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வார்டு எல்லை தெருவுக்கு நடுவில் போகும். எதிர்வீட்டு நண்பரிடம் கையெழுத்து வாங்கினால், அவர் பக்கத்து வார்டுக்காரராக இருந்துவிடுவார். சட்டமன்றத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் இங்கே செல்லாது. மாநகராட்சித் தேர்தலுக்கென வார்டுவாரியாக வெளியிடும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இருவர் எண்ணையும் அதிலிருந்தே எழுதுங்கள். தலைப்பெழுத்தும் பட்டியலில் உள்ளபடியே இருக்கட்டும்.

சொத்து வரி, குடிநீர்க் கட்டண பாக்கியைக் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாநகராட்சியோடு நடப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவர் நிற்க முடியாது. 2022-ல் மனுத்தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரைதான். அறிவிப்பு வந்தபின் ஓடினால் நேரம் போதாது. அந்தத் தேர்தலில் டெபாசிட் ரூ.4,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.2,000. மனுவோடு கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் வழக்கு, சொத்து, கடன் என எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். கடைசி நாளுக்கு ஒதுக்காமல் இரண்டு நாள் முன்பே கொடுத்தால், பிழை இருந்தாலும் இன்னொரு மனு போட நேரம் இருக்கும்.

சின்னம் கேட்கும்போது பாட்டிக்கும் ஒரே பார்வையில் புரிவதாகக் கேளுங்கள். சுயேச்சைக்குப் பிரச்சாரத்தில் பாதி வேலை சின்னத்தை மனதில் பதிய வைப்பதுதான்.

ஓட்டுப்பதிவு நாளில் ஒவ்வொரு பூத்துக்கும் நிதானமான ஏஜெண்ட் வேண்டும். 2022-ல் ஓட்டை உறுதிசெய்யும் விவிபாட் இயந்திரம் வைக்கவில்லை; அதனால் ஏஜெண்டின் கண்தான் காவல். காலையில் சோதனைக்காகப் போடும் மாதிரி ஓட்டுகளை அழித்தபின் இயந்திரம் மொத்தம் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மாலையில் இயந்திரத்தை மூடியதும் மொத்த ஓட்டையும் சீல் எண்ணையும் குறித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். எண்ணும்போது அந்தச் சீட்டு கையில் இல்லாவிட்டால் எதையும் தட்டிக் கேட்க முடியாது.

தோற்றவருக்குச் செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வராவிட்டால் டெபாசிட் போய்விடும். 2,400 ஓட்டு என்றால் 400-க்கு மேல் வேண்டும். 2022-ல் செலவு உச்சவரம்பு ரூ.85,000. டீ, ஆட்டோ, நோட்டீஸ் என அன்றன்றைக்கு பில்லோடு எழுதிவையுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்றவர்களுக்கும் இது உண்டு. 'தோற்றுவிட்டோமே, இனி எதற்கு' என்று விட்டவர்களை மாநிலத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுக்குத் தகுதிநீக்கம் செய்கிறது. கணக்கைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.