கூட்டாளி விளையாட வருகிறான்: முதல் அழைப்புக்கு ஒரு செய்முறை

கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் வளரும் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட ஒரு வளவு கிடையாது. பாடசாலை, வான், டியூஷன், வீடு என்று பொழுது போய்விடுகிறது. கூட்டாளியோடு விளையாடுவதற்குக்கூட நாம்தான் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. நாள் பார்த்தால் போதும், கல்யாண ஏற்பாடு வேண்டாம். பலூன், கேக், பத்துப் பிள்ளைகள் என்று தொடங்கினால் அது பிறந்தநாள் விழா. இங்கே சொல்வது அதுவல்ல. ஒரு பிள்ளை வரும், கொஞ்ச நேரம் விளையாடும், சிரித்த முகத்தோடு போகும். அதற்கான வேலையில் முக்கால்வாசி அந்தப் பிள்ளை வாசலுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. ஒருவரை மட்டும் அழையுங்கள்

மூன்று பிள்ளைகள் கூடினால் இருவர் ஒரு கட்சி, மற்றவர் அழுகை. யார் வர வேண்டும் என்பதை உங்கள் பிள்ளையே சொல்லட்டும். உங்கள் தோழியின் மகள் தங்கமான பிள்ளையாக இருக்கலாம். அதற்காக உங்கள் மகளுக்கு அவளைப் பிடித்தே ஆக வேண்டும் என்றில்லை. பிள்ளை வாய் திறக்காவிட்டால் வகுப்பு டீச்சரைக் கேளுங்கள். இடைவேளையில் யார் யாரோடு இருந்து சாப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

2. நேரத்தைக் குறுக்குங்கள்

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு மணி நேரம். இன்னும் கொஞ்சம் விளையாடலாமே என்று இருவரும் கெஞ்சும் நேரத்தில் முடிப்பதுதான் நல்லது. களைத்துச் சண்டை பிடித்து முடிந்தால் அந்தச் சண்டைதான் நினைவில் நிற்கும்.

பாடசாலை 1.30க்கு விட்டு, வான் நெரிசலில் வந்து, பசியோடு நிற்கும் நாள் வேண்டாம். ஞாயிறு காலையில் பல பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு இருக்கும், சிங்களக் கூட்டாளிகளுக்கு தஹம் பாடசாலை என்ற பௌத்த சமய வகுப்பு. சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி பெரும்பாலும் ஒத்துவரும். பூங்காவில் சந்திப்பதானால் ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களை நம்ப வேண்டாம், இடியும் மழையும் சொல்லாமல் வரும்.

3. தெளிவாகச் செய்தி அனுப்புங்கள்

"ஒரு நாளைக்கு வாருங்களேன்" என்பது அழைப்பல்ல, உபசாரம். வட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்:

"அக்கா, சனிக்கிழமை நான்கு மணிக்கு மகனை எங்கள் வீட்டுக்கு விளையாட விடுகிறீர்களா? நான் வீட்டில்தான் இருப்பேன். ஆறு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகலாம். சாப்பாட்டில் ஏதாவது ஒத்துக்கொள்ளாதா?"

கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். கச்சானும் இறாலும் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமை தரும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு ஹலால் பார்க்க வேண்டும், ஜெலட்டின் சேர்ந்த இனிப்பும் இதில் அடங்கும். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் என்ற வீடுகளும் உண்டு. வாழைப்பழமும் சாதாரண பிஸ்கட்டும் வைத்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுத் திராட்சை, கச்சான், பொப்கோர்ன் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைத்துவிடும். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுக்கலாம்.

4. வீட்டைத் தயார் செய்யுங்கள்

முதலில் பல்கனி. கதவைத் தாழிட்டு, அங்கேயும் ஜன்னலோரத்திலும் இருக்கும் கதிரை, ஸ்டூல் எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள். உங்கள் பிள்ளைக்கு அந்த இடம் பழக்கம், வருகிற பிள்ளைக்குப் புதிது. லிஃப்டில் தனியே போகக் கூடாது என்பதை இருவருக்கும் சொல்லுங்கள்.

அடுத்து, உங்கள் பிள்ளையோடு அலுமாரி முன்னால் இருந்து, கொடுக்க மனம் வராத பொருட்களை எடுத்துப் பூட்டி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய அந்தச் சிவப்புத் தீயணைப்பு வண்டியை "பங்கிட்டு விளையாடு" என்று அதட்டுவதில் பயனில்லை. நம் புதுச் சேலையை நாமும் முதல் நாளே இரவல் கொடுப்பதில்லை. உள்ளே வைத்தது வைத்ததுதான், வெளியே இருப்பது இருவருக்கும் பொது. இதை நண்பன் வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். டெப்லெட்டும் பூட்டிய அலுமாரிக்குள் போகட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

5. முதல் பத்து நிமிடம்

வந்தவுடன் இரண்டு பிள்ளைகளும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே தரையில் ஏற்கனவே ஏதாவது விரித்திருக்கட்டும்: கட்டைகள், வர்ணப் பென்சிலும் பெரிய தாளும், கொஞ்சம் பெரிய பிள்ளைகளானால் கரம் போர்ட். தொடங்கி வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுங்கள். காது மட்டும் அங்கே இருக்கட்டும்.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்து தனித்தனியே விளையாடினால் கவலை வேண்டாம். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இலேயே இதை விளையாட்டின் ஒரு வகையாகக் குறித்து வைத்தார். சேர்ந்து விளையாடும் பழக்கம் பின்னால் வரும்.

6. சண்டை வந்தால்

வரும். குரல் உயர்ந்தவுடன் ஓட வேண்டாம், தாங்களே தீர்த்துக்கொள்ளச் சிறிது நேரம் விடுங்கள். அடி, கடி, தள்ளு என்றால் உடனே இடையில் போய் நில்லுங்கள். யார் தொடங்கியது என்ற விசாரணை எங்கும் போய்ச் சேராது. "இரண்டு பேருக்கும் அதுதான் வேண்டுமா? முதலில் ஒருவர் மூன்று நிமிடம், பிறகு மற்றவர்" என்று சொல்லித் தொலைபேசியில் மணி வையுங்கள். மணி அடிப்பதால் தீர்ப்புச் சொன்ன பழி உங்கள் மேல் விழாது. விருந்தாளி என்பதற்காக ஒவ்வொரு முறையும் உங்கள் பிள்ளையையே விட்டுக்கொடுக்க வைத்தால், அடுத்த முறை அவன் யாரையும் அழைக்க மாட்டான்.

7. அனுப்பி வைத்தல்

முடிய பத்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து பொருட்களை அடுக்கட்டும், செருப்பைத் தேடட்டும். கூட்டிப்போக வந்த அன்ரியைத் தேநீருக்கு இருத்தினால் பிள்ளைகள் மீண்டும் கட்டைகளைக் கொட்டிவிடுவார்கள். தேநீரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு சிறிது, அல்லது உங்கள் பிள்ளை தன் பொருளைப் பிறர் தொடுவதையே தாங்காது என்றால், முதல் சந்திப்பு விகாரமகாதேவி பூங்காவில் இருக்கட்டும். காலிமுகத்திடலில் ஒரு பட்டமும் போதும். மெரின் டிரைவ் பக்கம் மட்டும் கையை விட வேண்டாம், ஒரு பக்கம் வாகனம், மறுபக்கம் ரயில் பாதையும் கடலும்.

அடுத்த முறை அவர்கள் அழைத்தால் கேள்வி கேட்பது உங்கள் முறை: வீட்டில் யார் இருப்பார்கள், நாய் இருக்கிறதா, பல்கனிக் கதவு பூட்டியிருக்குமா? கேட்பதில் கூச்சம் வேண்டாம்.