பைக்கில் விண்ட்டோன் ஹாரன்: ரிலே வைத்து மாட்டும் முறை

பைபாஸில் முன்னால் போகும் லாரிக்காரருக்குக் கம்பெனி ஹாரன் பெரும்பாலும் காதில் விழுவதில்லை. விண்ட்டோன், அதாவது நத்தை வடிவில் இருக்கும் உரத்த ஹாரன், ஜோடியாக மாட்டினால் விழும். ஆனால் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய ஹாரன் வயரிலேயே நேராகக் கொடுத்தால் ஹேண்டில் சுவிட்சின் பாயின்ட் கருகிவிடும், சத்தமும் அமுங்கித்தான் வரும். ரிலே (சிறு கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாமல் மாட்டவே வேண்டாம்.

தேவையானவை: 12 வோல்ட் ஹாரன் ஜோடி, 30 ஆம்பியர் 4 பின் ரிலே சாக்கெட்டோடு, 15 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டரோடு, 1.5 சதுர மி.மீ. வயர், லக் (வயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு), கேபிள் டை. ராகம் மாறி மாறி அடிக்கும் மியூசிக் ஹாரன் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 119 அதைத் தடை செய்கிறது. பேட்டரியின் கொள்ளளவு 2.5 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர்) என்றால் ஒற்றை ஹாரனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.

2. ஹாரனை மாட்டுங்கள். வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் தேங்கி டயஃப்ரம் துருப்பிடிக்கும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஃபோர்க்கில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

3. ரிலேயின் ஒவ்வொரு பின்னுக்கும் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். பழைய ஹாரனில் இருந்த இரண்டு வயரையும் 85, 86-ல் கொடுங்கள். டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாத சாதாரண ரிலேயில் எதை எதில் போட்டாலும் சரி. ஒரிஜினல் வயரை வெட்டாதீர்கள். லக் செருகினாலே போதும்.

4. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு ஒரு வயர். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். நடுவழியில் வயர் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

5. 87-லிருந்து இரண்டு ஹாரனின் பாசிட்டிவுக்கும் வயர் இழுங்கள். மற்ற முனைகளை நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். பெயின்ட் அடித்த சேசிஸில் எர்த் கொடுத்தால் சத்தம் கரகரக்கும்.

6. சைலன்சர் பக்கம் போகாமல் வயரை டேங்குக்கு அடியில் கட்டுங்கள். நெகட்டிவைக் கடைசியில் மாட்டி, இக்னிஷன் போட்டு அடித்துப் பாருங்கள்.

ரிலேயில் 'டிக்' கேட்டும் ஹாரன் அடிக்கவில்லையா? ஃபியூஸ், 30, 87, எர்த் நான்கையும் பாருங்கள். 'டிக்'கே இல்லையென்றால் கோளாறு 85, 86 பக்கம். நெகட்டிவ் மாட்டியதுமே ஹாரன் அலறி, பட்டனை அழுத்தினால் நிற்கிறதா? 5 பின் ரிலே வாங்கி, 87-க்குப் பதில் நடுவிலுள்ள 87ஏ-வில் வயரைச் செருகியிருக்கிறீர்கள், மாற்றிப் போடுங்கள்.