'சர்கம்வென்ட்' என்னும் ஆங்கில வினையைக் கையாளும் முறை

இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், வணிகச் செலவுக்காக ஒருவருக்கு ஒரே தடவையில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விலக்குகள் நீங்கலாக, அதைச் செலவுக் கணக்கில் ஏற்க முடியாது என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. 50,000 ரூபாய் கொடுக்க வேண்டிய ஒரு வணிகர், ஒவ்வொன்றும் 20,000-ஐத் தாண்டாதபடி அதே நாளில் மூன்று முறையாகக் கொடுத்து மூன்று ரசீது வாங்கிக்கொண்டால், விதியின் வாசகத்தில் ஒரு சொல்லைக்கூட அவர் மீறவில்லை; ஆனால் அந்த விதி எதற்காக இயற்றப்பட்டதோ அந்த நோக்கம் அங்கே தோற்றுப்போகிறது. 2008-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், ஒரே நாளில் ஒருவருக்குக் கொடுத்த தொகைகளை எல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று திருத்தி அந்த ஓட்டையை அடைத்தது. 2017-இல் வரம்பும் 10,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. மூன்று ரசீது வாங்கிய அந்த வணிகர் செய்த காரியத்திற்கு ஆங்கிலத்தில் மிகப் பொருத்தமான வினை 'சர்கம்வென்ட்' (circumvent) என்பதே. இந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால், சொல்லை எங்கே இடலாம், எங்கே இடக்கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'சிர்கும்' என்றால் சுற்றி, 'வெனிரே' என்றால் வருதல். பகைவரைச் சூழ்ந்துகொள்வதையும் ஒருவரை வஞ்சிப்பதையும் லத்தீனில் இச்சொல் குறித்தது. வட்டத்தின் சுற்றளவைக் குறிக்கும் 'சர்கம்ஃபரன்ஸ்' இதே முன்னொட்டைக் கொண்டது. வழியை அடைத்து ஒரு சுவர் நிற்கிறது, ஒருவர் அதை இடிக்கவும் இல்லை, ஏறிக் குதிக்கவும் இல்லை, பக்கவாட்டில் நடந்து அந்தப்புறம் போய்ச் சேர்ந்துவிட்டார், சுவர் நின்றபடியே நிற்கிறது என்பதுதான் இச்சொல்லுக்குள் இருக்கும் படம். இதைப் பார்த்து 'சுற்றி வளைத்தல்' என்று தமிழில் எழுதிவிடுவது தவறு. நேராகச் சொல்லாமல் இழுத்துப் பேசுவதையும் ஆளைச் சூழ்ந்துகொள்வதையும்தான் நாம் சுற்றி வளைத்தல் என்கிறோம். அவற்றுக்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு.

நெருங்கிய சொற்களிலிருந்து இதைப் பிரித்தறிவதில்தான் கவனம் வேண்டும். விதி உடைந்துபோனால் 'வயலேட்'. வெளிப்படையாக, அலட்சியமாக உடைத்தால் 'ஃப்ளவுட்'. கடமையிலிருந்து நழுவி ஒளிந்துகொண்டால் 'இவேட்'; வருமானத்தை மறைப்பதை வரி ஏய்ப்பு என்கிறோமே, அது இந்த வகை. வெறுமனே விலகிக்கொள்வது 'அவாய்ட்'. 'பைபாஸ்' என்பது சர்கம்வென்டுக்கு மிக அருகில் வரும் சொல் என்றாலும், ஊருக்குள் நுழையாமல் போகும் புறவழிச்சாலையையும் இதய அறுவைச் சிகிச்சையையும் குறிக்கும் அச்சொல்லில் குற்றச்சாட்டின் வாடை கிடையாது. சர்கம்வென்டில் அது உண்டா என்பதைச் செயப்படுபொருள்தான் முடிவுசெய்கிறது. 'சர்கம்வென்ட் த லா' என்றால் சட்டத்தின் ஓட்டையைப் பயன்படுத்தி அதன் நோக்கத்தைத் தோற்கடித்தார் என்ற பழி சேர்கிறது. 'சர்கம்வென்ட் த ப்ராப்ளம்' என்றால் தடைக்கு மாற்றுவழி கண்டார் என்ற பாராட்டுகூட இருக்கலாம். ஆகவே தமிழாக்கம் செய்வோர் எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் பொருத்த முயலக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சட்டத்திற்கு 'குறுக்குவழியில் செயலிழக்கச் செய்தல்' என்பதும், இடையூறுக்கு 'மாற்றுவழியில் கடந்து செல்லுதல்' என்பதும் பொருந்தும்.

வாக்கியத்தில் அமைக்கும்போது தமிழர்களாகிய நாம் இரண்டு இடங்களில் இடறுகிறோம். நாம் 'விதியிலிருந்து தப்பினார்' என்று சொல்லிப் பழகியதால் ஆங்கிலத்திலும் 'சர்கம்வென்ட் ஃப்ரம் த ரூல்' என்று எழுதிவிடுகிறோம்; பொருளில் 'சுற்றி' இருப்பதால் 'சர்கம்வென்ட் அரவுண்ட் த ரூல்' என்றும் எழுதிவிடுகிறோம். இரண்டும் பிழை. இது செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும் வினை. 'தே சர்கம்வென்டட் த ரூல்' என்று இடைச்சொல் ஏதுமின்றி எழுத வேண்டும். செயப்படுபொருளை விட்டுவிட்டு வினையோடு வாக்கியத்தை முடிப்பதும் சரியன்று. எப்படிச் சுற்றிப் போனார் என்பதைச் சொல்ல 'பை' சேர்த்துத் தொடர்வது இயல்பானது: 'ஹி சர்கம்வென்டட் த லிமிட் பை ஸ்ப்ளிட்டிங் த பேமென்ட்', அதாவது தொகையைப் பிரித்துக் கொடுத்து வரம்பில் சிக்காமல் தப்பினார். வழிமுறையைச் சொல்லும் இந்தப் பகுதி இருந்தால்தான் வினைக்கு முழுப் பலம் கிடைக்கிறது.

ஒலிப்பில், எழுத்தில் வரும் முதல் 'சி' ஸகரமாகவும் இரண்டாவது 'சி' ககரமாகவும் ஒலிக்கும். அழுத்தம் கடைசி அசையான 'வென்ட்' மீது விழ வேண்டும். அறிக்கை, தீர்ப்பு, செய்திக்கட்டுரை ஆகியவற்றுக்கு உரிய சொல் இது. நண்பரோடு பேசும்போது 'கெட் அரவுண்ட்' போதும்.

சட்ட ஆவணங்களைப் படிப்போருக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மேலே சொன்ன சுவர்ப் படம் பதிப்புரிமைச் சட்டங்களில் அப்படியே பொருந்தாது. 1998-இல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், மறைகுறியாக்கத்தை அவிழ்ப்பது, படைப்புகளைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை அகற்றுவது, செயலிழக்கச் செய்வது, பழுதாக்குவது ஆகிய அனைத்தையும் இந்த வினையின் வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. அங்கே சுவரை இடித்தாலும் அதே சொல்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவும் இதே வினையைப் பயன்படுத்துகிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு செய்தால்தான் அப்பிரிவின்படி குற்றம், அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இத்தகைய இடங்களில் 'தவிர்த்தல்' என்று தமிழாக்கினால் குற்றமே காணாமல் போய்விடும்; 'தொழில்நுட்பப் பாதுகாப்பை முறியடித்தல்' என்றே எழுத வேண்டும்.