ஒரே வீட்டில் நாயும் பூனையும்: இரண்டுக்கும் சாப்பாடு வைப்பது எப்படி?

வீட்டில் ஏற்கெனவே நாய் இருக்கிறது. பிள்ளைகள் எங்கிருந்தோ ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்துவிட்டார்கள், அல்லது ஜெலுத்தோங் எஸ்.பி.சி.ஏ. காப்பகத்திலிருந்து நீங்களே ஒன்றை எடுத்து வந்திருக்கிறீர்கள். உடனே எழும் கேள்வி இதுதான்: நாய்க்கு வாங்கும் தீனியையே பூனைக்கும் போடலாமா?

போடக்கூடாது. காரணம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். நம் பினாங்குத் தரைவீடுகளையும் இங்குள்ள வெயிலையும் மனத்தில் வைத்து, முதல் முறையாக இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: இரண்டு உடம்பும் வேறு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பூனை இறைச்சி தின்றே ஆகவேண்டிய பிராணி. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. இறைச்சியிலும் மீனிலும்தான் அது அதிகம் கிடைக்கும். நாயின் உடம்பு பொதுவாக அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பால் போதுமான அளவு தயாரிக்க முடியாது. டாரின் குறைந்தால் பூனைக்குக் கண்பார்வை கெடும், இதயத் தசை தளர்ந்துபோகும். கடையில் வாங்கிய தீனியைத் தின்றுவந்த பூனைகளுக்கே இந்த இதய நோய் வந்தது. அதற்கு டாரின் குறைவே காரணம் என்று 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோன் என்ற மருத்துவரின் குழு கண்டுபிடித்தது. அதன் பிறகுதான் பூனைத் தீனியில் டாரின் அளவைக் கூட்டினார்கள். நாய்த் தீனியில் அவ்வளவு டாரின் சேர்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. நாய்த் தீனியிலேயே வளரும் பூனை வெளியே கொழுகொழு என்று இருக்கும், உள்ளே பாதிப்பு நடந்துகொண்டிருக்கும்.

வைட்டமின் ஏ விஷயமும் இப்படித்தான். கேரட்டிலிருந்து நாய் அதை எடுத்துக்கொள்ளும், பூனையால் முடியாது.

நாய் மனிதனோடு வாழ்ந்து சோற்றுக்குப் பழகிய பிராணி. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகப் பிரதிகளாக இருப்பதை 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் வீட்டு நாய் தயிர்சாதத்தை நக்கித் துடைப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. பூனைக்கோ இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு அதற்குச் செயலிழந்து கிடக்கிறது. கேசரித் தட்டை நாய் சுற்றிச் சுற்றி வரும், பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

படி 2: இடத்தைப் பிரித்துவிடுங்கள்

நாயின் தட்டு தரையில், சமையலறைக்குப் பின்பக்கமோ கார் நிற்கும் போர்ச்சிலோ இருக்கட்டும். பூனையின் தட்டு நாய் எட்ட முடியாத உயரத்தில் இருக்கவேண்டும். பழைய மேசை, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்பக்கம், அகலமான ஜன்னல் திண்டு, எதுவானாலும் சரி. இயந்திரம் ஓடும் நேரத்தில் மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

பூனைத் தீனியில் புரதமும் கொழுப்பும் அதிகம், வாசனையும் தூக்கலாக இருக்கும். நாய் அதைத் தேடிப் போவது இயல்புதான். ஒரு வாய் தின்றதால் ஒன்றும் ஆகாது. தினமும் தின்றால் உடம்பு போடும், சில நாய்களுக்குக் கணைய அழற்சியும் வரலாம்.

பூனைக்கு அகலமான, ஆழமில்லாத தட்டு நல்லது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி, முடிந்தால் வேறு அறையில் வையுங்கள். எறும்பு நம் ஊரில் பெரிய தொல்லை. ஒரு அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே சாப்பாட்டுத் தட்டை வைத்தால் போதும். எறும்பு மருந்தைத் தட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பூனையின் மணல் பெட்டியும் நாய்க்கு எட்டக்கூடாது. பல நாய்கள் அதிலிருப்பதைத் தின்னும்.

படி 3: பொட்டலத்தைப் படியுங்கள்

முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திருப்புங்கள். ‘கம்ப்ளீட்’ என்று இருந்தால் அது முழு உணவு. ‘காம்ப்ளிமென்டரி’ என்று இருந்தால் அது தின்பண்டம் மாதிரி, அதை மட்டுமே கொடுத்து வளர்க்கக்கூடாது. மீன் டின்களில் நிறைய இந்த இரண்டாவது வகைதான், கவனமாகப் பாருங்கள்.

பிறகு புரதம். அமெரிக்கத் தீனிக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்கோவின் அளவுப்படி, தண்ணீரை நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதமும் வளர்ந்த பூனைக்கு 26 சதவீதமும் புரதம் வேண்டும். டின்னில் வெறும் 10 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அதில் 80 சதவீதம் தண்ணீர் என்றால் மீதி 20 பங்கில் 10 பங்கு புரதம், அதாவது 50 சதவீதம். உலர்ந்த தீனியில் 30 சதவீதப் புரதமும் 10 சதவீதத் தண்ணீரும் என்றால் கணக்கு 33 சதவீதம்தான் வரும்.

நம் வெயிலுக்குப் பூனைக்கு ஈரத் தீனியும் கொஞ்சம் சேர்ப்பதையே நான் சொல்வேன். பூனை தானாகத் தண்ணீர் குடிப்பது குறைவு. சாப்பாட்டோடு தண்ணீர் உள்ளே போவது சிறுநீர்ப் பாதைக்கு நல்லது.

படி 4: நேரமும் அளவும்

காட்டில் பூனை எலி, பல்லி என்று சிறியவற்றைத் தனியாகப் பிடித்துத் தின்னும். அதனால் அதற்குப் பிடித்தது ஒரு நாளில் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது. நாய் கிடைத்ததை ஒரே மூச்சில் விழுங்கும். நாய்க்குக் காலை, மாலை இரண்டு வேளை. பூனைக்கு அதன் ஒரு நாள் சாப்பாட்டை நான்கைந்து தடவையாகப் பிரித்து வையுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் உலர்ந்த தீனியைப் பகலுக்கு உயரத்தில் வைத்துவிட்டு, ஈரத் தீனியைக் காலையும் மாலையும் கொடுக்கலாம். ஈரத் தீனி மிஞ்சினால் நம் சூட்டில் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் எடுத்துவிடுங்கள்.

கருத்தடை செய்த, 4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 முதல் 240 கலோரி போதும். உலர்ந்த தீனி என்றால் ஏறத்தாழ 55 முதல் 65 கிராம். கையளவு பார்த்துப் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். 10 கிலோ நாய்க்கு 550 முதல் 650 கலோரி வரை தேவைப்படும், ஓட்டம் அதிகமான நாய்க்கு இன்னும் கூடும்.

ஜெர்மன் ஷெப்பர்ட், டோபர்மேன் மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு ஒரே வேளையில் நிறையப் போடவே கூடாது. வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சாப்பிட்டவுடன் ஓடவிடாதீர்கள்.

படி 5: நம் சமையலிலிருந்து என்ன கொடுக்கலாம்?

உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியை இரண்டுக்கும் கொடுக்கலாம். வேகவைத்து முள் நீக்கிய கெம்போங் மீனும் சரி. ஆனால் மீனை மட்டுமே போட்டுப் பூனை வளர்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, அது வேண்டாம். ஈரலையும் தினமும் போடாதீர்கள், வைட்டமின் ஏ மிதமிஞ்சிப் போகும். நாய்க்குச் சோறு, பூசணி, கேரட் சேர்க்கலாம்.

வெங்காயமும் பூண்டும் இரண்டின் இரத்த அணுக்களையும் சிதைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். அதனால் குழம்பு, சம்பல், ரெண்டாங் எதுவும் வேண்டாம், கறியைக் கழுவிக் கொடுத்தாலும் வேண்டாம். பாயசத்திலும் கேசரியிலும் போடும் திராட்சை வற்றல் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். தீபாவளிக்கு வரும் சாக்லேட் டப்பாக்களை அலமாரியில் பூட்டி வையுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் இருக்கும் சைலிட்டால் நாயைக் கொல்லும். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும்.

புரட்டாசி மாதத்தில் வீடு முழுக்கச் சைவம் என்றால் நாய் ஓரிரு நாள் பருப்புச் சோற்றில் சமாளித்துவிடும். விரதம் நமக்குத்தான், பூனைக்கு இல்லை. அதன் தீனியை வழக்கம்போல வைத்துவிடுங்கள்.

படி 6: தீனியை மாற்றும்போது

புதிய தீனிக்கு ஒரே நாளில் மாறாதீர்கள். பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஈரத் தீனியில் கொஞ்சம் வெந்நீர் கலந்து வெதுவெதுப்பாக்கினால் பூனை சீக்கிரம் வாய் வைக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். “பசித்தால் தானாகச் சாப்பிடும், விடு” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு அது ஓரளவு சரி. பூனைக்குச் சரியே இல்லை. பூனை பிடிக்காததைத் தின்னாமல் பட்டினி கிடக்கும். இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே, அதிலும் குண்டான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே புதிய தீனியைத் தொடவில்லை என்றால் அன்றே பழையதைக் கொடுத்துவிடுங்கள்.

எந்தத் தீனியையும் தொடாமல் ஒரு முழு நாள் கடந்தால் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், குட்டி என்றால் அதற்கும் முன்பே. ஆண் பூனை மணல் பெட்டியில் முக்கிக்கொண்டு சிறுநீர் வராமல் தவித்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். நாய் ஒரு வேளை சாப்பிடாமல் சுறுசுறுப்பாக இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் வராமல் இருந்தால் இரவானாலும் உடனே கிளம்புங்கள். இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணை இன்றைக்கே தேடி எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.